பட்டர்நட் சூப்புக்கு நம்ம பரங்கியே போதும்

புதுச்சேரியில் இப்போதெல்லாம் கல்யாண வரவேற்போ பிறந்தநாள் விருந்தோ, இலை போடுவதற்கு முன்னால் சின்னக் கோப்பையில் ஒரு சூப் வந்துவிடுகிறது. ஒயிட் டவுன் பக்கத்து உணவகங்களில் பட்டர்நட் ஸ்குவாஷ் சூப், மேலே பொரித்த பேக்கன் துண்டு என்று ஒரு வகை பிரபலம். இதைப் பார்த்துவிட்டு, "பட்டர்நட் விதை எங்கே கிடைக்கும், நாமும் போட்டால் நல்ல விலைக்குப் போகுமா?" என்று இயற்கை உழவர்கள் சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் விதை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்த சூப்பை நம்ம பரங்கிக்காயிலேயே அதே தரத்தில் செய்யலாம். இரண்டு, பட்டர்நட்டைக் கொண்டுவந்து பரங்கிக்குப் பக்கத்தில் நட்டால், பாட்டி காலத்திலிருந்து வரும் நம்ம பரங்கி விதை கலந்து கெட்டுப்போகும்.

பட்டர்நட் யாருடைய பிள்ளை?

பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி, கொங்குப் பக்கம் அரசாணி என்றெல்லாம் நாம் சொல்லும் காய் பெரும்பாலும் குகர்பிட்டா மொஸ்காட்டா என்ற இனம். பட்டர்நட்டும் அதே இனம்தான். நிறமும் வடிவமும் வேறு, அவ்வளவுதான். (கல்யாணப் பூசணி, சாம்பல் பூசணி என்கிற வெள்ளைப் பூசணி முற்றிலும் வேறு குடும்பக் கிளை. அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பட்டர்நட் பழைய ரகமும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர் 1940களில் உருவாக்கியது. அவர் வேளாண் விஞ்ஞானி அல்லர். அங்கே அப்போது இருந்த பூசணி ரகத்துக்கு வாத்துக் கழுத்து போல நீண்டு வளைந்த கழுத்து. அடுக்கவும் முடியாது, வண்டியில் ஏற்றினால் உடையும். ஒரு குடும்பத்துக்கு ஏற்ற அளவில், கையடக்கமாக ஒரு காய் வேண்டும் என்று தேர்வு செய்துகொண்டே வந்தார். ஒரு தோட்டக்காரரின் பொறுமையில் பிறந்த காய் அது. அதே பொறுமையோடு நம்ம ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்ததுதான் நம்ம பரங்கி.

பரங்கியும் ஆதியில் வெளியிலிருந்து வந்ததுதான். பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியரைப் 'பரங்கியர்' என்றோம். அவர்கள் காலத்தில் வந்த காய்க்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இன்றைக்கு மார்கழிக் கோலத்துச் சாணத்தில் அதன் பூ, பொங்கல் குழம்பில் அதன் காய். பெயரைத் தவிர மற்றதெல்லாம் நம்முடையதாகிவிட்டது.

பூசணி சூப் என்றால் பணக்கார உணவு என்றும் நினைக்க வேண்டாம். நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட இன்னொரு நாடு ஹெய்தி. அங்கே அடிமைகள் பூசணியை விளைவிப்பார்கள், சமைப்பார்கள். ஆனால் அந்த சூப்பைக் குடிக்கும் உரிமை முதலாளிக்குத்தான் என்று அந்நாட்டு மக்கள் சொல்கிறார்கள். நமக்கு 1954 நவம்பர் 1 போல, அவர்களுக்கு 1804 ஜனவரி 1 விடுதலை நாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் வீட்டுக்கு வீடு 'ஜூமூ' என்ற பூசணி சூப் காய்ச்சுகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வித்தியாசம் தண்ணீரில்தான்

பட்டர்நட்டில் நூற்றுக்குச் சுமார் 86 பங்கு நீர். சாதாரணப் பூசணியில் சுமார் 92. கேட்பதற்கு ஆறு பங்குதான். ஆனால் மறுபக்கம் பாருங்கள்: ஒரு கிலோ பட்டர்நட்டில் திடப்பொருள் 140 கிராம், பூசணியில் 80 கிராம். அதனால்தான் பரங்கியைத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தால் சூப் நீர்த்துப்போய், "குழம்பு மாதிரி இருக்கே" என்கிறார்கள்.

வழி சுலபம். பரங்கியைத் தண்ணீரில் வேகவைக்கக் கூடாது. தோலோடு, மூடி போட்டு, சொந்த ஈரத்திலேயே சுட வேண்டும். ஈரத்தில் ஒரு பகுதி ஆவியாகப் போகும். ஓரங்கள் லேசாகக் கருகும்போது இனிப்பும் மணமும் ஏறும்.

காயும் முற்றியதாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்து தக்கை போல் ஆகியிருக்கும். கட்டைவிரல் நகம் தோலில் இறங்காது. தரையில் பட்ட இடம் மஞ்சளேறியிருக்கும். மூன்று விரல்கடை காம்போடு அறுத்து, பத்து நாள் காற்றோட்டமான, வறண்ட இடத்தில் வைத்து, பிறகு பரணிலோ பலகையிலோ சில வாரம் விடுங்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். பறித்த அன்றே அறுத்த காயும் ஒரு மாதம் ஆறிய காயும் ஒன்றல்ல.

பேக்கன் செய்யும் வேலையை வேறு யார் செய்வார்?

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப்பகுதி இறைச்சியை உப்பில் ஊறவைத்துப் புகையிட்டது. இனிப்பான சூப்பில் அது நான்கு வேலை செய்கிறது: உப்பு, கொழுப்பு, புகை மணம், மொறுமொறுப்பு. கடையில் விற்கும் பேக்கனில் நிறத்துக்கும் பாதுகாப்புக்கும் பெரும்பாலும் சோடியம் நைட்ரைட் சேர்க்கிறார்கள். இப்படிப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுக்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. விருந்தில் ஒரு துண்டு சாப்பிட்டவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ரசாயனம் வேண்டாம் என்று நிலத்தில் பாடுபட்டுவிட்டு, கோப்பையில் அதைத் தூவ வேண்டுமா என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

சைவக்காரர்களுக்கு வடகம் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் காயவைக்கும் நம்ம தாளிப்பு வடகம். இதுதான் புதுச்சேரி வழியாக பிரெஞ்சு சமையலுக்குப் போய், 'வடுவான்' என்ற பெயரில் அங்கே விற்கிறது. நம் வீட்டு அடுக்களை டப்பாவில் இருப்பதற்கு அவர்கள் தனிவிலை கொடுக்கிறார்கள்!

அசைவக்காரர்களுக்கு உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை உப்பு, மஞ்சள், மிளகாய் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தியது. லேசாகத் தட்டி, சின்னச் சின்னதாகப் பிய்த்து எண்ணெயில் பொரித்தால் பேக்கனின் இடத்தில் கச்சிதமாக உட்காரும். பன்றிக்கறியேதான் வேண்டும் என்றால், தெரிந்தவரிடம் புதிதாக வாங்கி, வயிற்றுக்கறியைச் சுண்டைக்காய் அளவு நறுக்கி, உப்பு மிளகு மட்டும் போட்டு, அதன் கொழுப்பிலேயே நன்றாக முறுகும்வரை வறுத்துக்கொள்ளுங்கள்.

25 பேருக்குச் செய்முறை

ஆளுக்கு 80 மில்லி போதும். சூப் பசியைத் தூண்ட வேண்டும், வயிற்றை நிரப்பக் கூடாது.

- முற்றிய பரங்கி 2 கிலோ (விதையும் தோலும் போக சுமார் 1.5 கிலோ)
- சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு 10 பல்
- பாரம்பரிய அரிசிச் சோறு, குழைவாக ஒரு கைப்பிடி
- ஒரு தேங்காயின் முதல் பால், சுமார் 250 மில்லி
- நல்லெண்ணெய் அல்லது வெண்ணெய் 3 மேசைக்கரண்டி
- மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, கல்லுப்பு, அரை எலுமிச்சம்பழம்
- மேலே தூவ: வடகம் 3 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, அல்லது உப்புக்கண்டம் 100 கிராம்

1. பரங்கியைத் தோலோடு பெரிய கீற்றுகளாக வெட்டி, விதையையும் நாரையும் வழித்தெடுத்து, சதைப்பக்கம் எண்ணெய் தடவுங்கள். கனமான இரும்புச் சட்டியில் அடுக்கி மூடி, சிறு தீயில் 40 நிமிடம். நடுவில் இரண்டு முறை திருப்பிவிடுங்கள். இடம் பத்தாவிட்டால் இரண்டு தடவையாகச் சுடலாம். சதையைக் கரண்டியால் வழித்தால் தோல் தனியாக வந்துவிடும்.

2. அதே சட்டியில் மீதி எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டைப் பொன்னிறமாக வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது, 15 நிமிடமாவது ஆகும்.

3. பரங்கி, வெங்காயம், சோறு மூன்றையும் ஆறவிட்டு மைய அரைத்து, 750 மில்லி வெந்நீர் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். அசைவம் என்றால் வெந்நீருக்குப் பதில் எலும்புச் சாறு. உப்பு, மிளகு, ஜாதிக்காய் இப்போது.

4. தீயைக் குறைத்த பிறகுதான் தேங்காய்ப்பால். கொதித்தால் திரிந்துவிடும். பால் வெறும் ருசிக்கு மட்டும் இல்லை; பரங்கியின் மஞ்சள் நிறச் சத்தான பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும்.

5. புகை மணம் வேண்டுமானால், கொட்டாங்கச்சிக் கரித்துண்டைக் கனல வைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, சூப்பின் நடுவே மிதக்கவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டு நெய் விட்டுப் பாத்திரத்தை மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

6. எலுமிச்சம்பழம் பிழிந்து, சின்ன டம்ளரிலோ மண் குவளையிலோ ஊற்றி, எண்ணெயில் பொரித்த வடகமும் கறிவேப்பிலையும் கடைசி நிமிடத்தில் தூவுங்கள். முன்பே தூவினால் நமுத்துவிடும்.

நேரமாக ஆக சூப் கெட்டியாகும். பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் சேர்த்ததை மறுபடி மறுபடி சூடுபடுத்தாதீர்கள்; கூட்டம் தாமதமாகும் என்றால் மூன்றாம் படியோடு நிறுத்தி வைத்து, பாலைக் கடைசியில் சேருங்கள்.

விலையைக் கோப்பைக் கணக்கில் பேசுங்கள்

வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்கு என்னை விடுவதில்லை. 25 கோப்பைக்கு 2 கிலோ பரங்கி. கிலோ 20 ரூபாய் என்றால் ஒரு கோப்பைக்கு 1 ரூபாய் 60 காசு. கிலோ 40 ரூபாய் என்றால் 3 ரூபாய் 20 காசு. உழவருக்கு விலை இரண்டு மடங்காகிறது. விருந்து வைப்பவருக்குக் கோப்பைக்குக் கூடும் செலவு 1 ரூபாய் 60 காசுதான். மொத்த வியாபாரியிடம் கிலோக் கணக்கில் பேசினால் நாம் தோற்போம். கேட்டரிங் செய்பவரிடம் நன்றாக ஆறிய, ஒரே அளவான இரண்டு கிலோக் காய், மருந்தடிக்காதது என்று சொல்லி, ஒரு கோப்பை சூப்பையும் காய்ச்சிக் கையில் கொடுத்துப் பேசினால் நிலைமை வேறு. பரங்கி மாதக்கணக்கில் தாங்கும் காய். மார்க்கெட்டில் வரத்து குவிந்திருக்கும் நாளில் ஓடிப்போய்க் கொட்ட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

விதைக்குக் காவல்

பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைத் தேனீதான் சுமக்கிறது. பட்டர்நட்டும் பரங்கியும் ஒரே இனம் என்பதால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அந்த வருஷக் காயில் எதுவும் தெரியாது, ஏனென்றால் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு விதைக்குள் இருக்கும். அடுத்த வருஷம் விதைத்தால்தான் சுரைக்காய் மாதிரி ஒன்று, உருண்டையாக ஒன்று என்று குட்டு வெளிப்படும். அதற்குள் பழைய விதை கையைவிட்டுப் போயிருக்கும்.

பக்கத்து வயலில் பட்டர்நட்டோ வேறு மொஸ்காட்டா ரகமோ இருந்தால், நடுவில் ஒரு கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும். நம்ம ஊர்த் துண்டு நிலங்களில் அது நடக்காது. அதனால் கையால் மகரந்தம் சேர்ப்பதே வழி. மறுநாள் மலரப்போகும் மொட்டின் நுனி மாலையிலேயே மஞ்சளேறியிருக்கும். ஆண் மொட்டு இரண்டு, பெண் மொட்டு ஒன்று (அடியில் குட்டிக்காய் இருக்கும்) தேர்ந்தெடுத்து நுனியை நூலால் கட்டுங்கள். விடிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவைத் திறந்து நடுத்தண்டில் மகரந்தத்தைத் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காய்க்காம்பில் ஒரு துணி முடிச்சு அடையாளம். ஆண் பூ அதே ரகத்தின் வேறு செடியிலிருந்து இருந்தால் நல்லது. ஐந்தாறு செடியிலாவது இப்படிச் செய்தால் விதை வலுவாக நிற்கும்.

முடிச்சுப் போட்ட காயைப் பறித்தபின் மூன்று நான்கு வாரம் ஆறவைத்து விதை எடுங்கள். கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி வைக்கலாம். பெரியவர்கள் செய்ததுபோல் சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டியும் வைக்கலாம்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விருந்துகளுக்குக் காய் வேண்டும் என்றால் ஆடியில் விதைக்க வேண்டும். கோ 2 போன்ற சிறுகாய் ரகத்துக்குச் சுமார் 135 நாள். நாட்டு ரகம் இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தரையில் படுத்த காய் அழுகும். ஒவ்வொரு காய்க்கும் அடியில் வைக்கோலோ ஓட்டுத்துண்டோ வைத்துவிடுங்கள். வீட்டில் பழைய பரங்கி விதை இருப்பவர்கள் இந்த ஆடியிலேயே பத்துக் குழி போட்டு, பக்கத்து உழவர் இருவருக்கும் ஆளுக்குப் பத்து விதை கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் தவறினாலும் இன்னொரு வீட்டில் விதை இருக்கும்.