ஏக்கருக்கு முன் பட்டி: ஆட்டு வேலிக்கு ஒரு கணக்கு

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் வேலி என்றால் கிளுவைதான். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளோடு பின்னி நிற்கும் கிளுவை. செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். ஆடு வெளியே போகாமல் இருக்க அந்த வேலி போதும். ஆனால் 2024, 2025 ஆண்டுகளில் இதே வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிகளுக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். இனி வேலிக்குப் பணம் ஒதுக்குகிறவர் ஆடு வெளியே போகாமலும் நாய் உள்ளே வராமலும் இருக்கச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வேலிக்கு ஏக்கர் கணக்கு உதவாது, சுற்றளவு கணக்குதான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 209 அடி, சுற்றளவு 835 அடி. அதே ஏக்கர் 60 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் நீளம் 726 அடி, சுற்றளவு 1,572 அடி. நிலம் ஒன்றுதான், செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. நான்கு ஏக்கர் சதுரத்துக்கோ 1,670 அடியே போதும். நிலம் நான்கு மடங்கு, வேலி இரண்டு மடங்கு. பங்காளிகள் சேர்ந்து ஒரே வேலி போடுவதில் மிச்சமாகும் பணம் இதுதான். மனக்கசப்பில் தனித்தனியாக அடைத்து அதை இழக்க வேண்டாம்.

சதுரமான ஒரு ஏக்கரை முழுக்கக் கம்பியால் அடைப்பதாக எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விலையும் கூலியும் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகள் மாறாது.

பத்து அடிக்கு ஒரு கல் என்றால் 84 கல். மூலைக்கல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முட்டுக்கல், பக்கங்களின் நடுவில் இரண்டிரண்டு, கேட்டுக்கு இரண்டு, ஆக 18. உடைசலுக்கு மூன்று சேர்த்தால் 105. ஏழடிக் கல் 400 ரூபாய் வீதம் 42,000. கேட்டுக்குப் பத்து அடி போக மீதி 825 அடிக்கு நாலடி உயர வலை, 12 கேஜ், 3 அங்குலக் கண்ணில், சுமார் 370 கிலோ வரும். கிலோ 100 ரூபாய் என்றால் 37,000. அதற்கு மேல் இரண்டு வரி முள்கம்பி 56 கிலோ, 5,600. குழியெடுத்துக் கல் நட 15,300, வலை இழுத்துக் கட்ட அடிக்கு 15 ரூபாய் வீதம் 12,375, கேட் 15,000, கட்டுக்கம்பி முதலியவை 3,000. மொத்தம் 1,30,275 ரூபாய்.

வெறும் முள்கம்பியை ஐந்து வரி ஓட்டினால் மலிவுதானே என்பார்கள். மாட்டுக்குச் சரி. ஆட்டுக்குட்டி கீழ்வரிக்கு அடியில் நுழைந்துவிடும், பெரிய ஆடு மடியைக் கிழித்துக்கொள்ளும். முட்டுக்கல்லில் மிச்சம் பிடிப்பதும் ஆகாது. இழுத்துக் கட்டிய வலையின் பாரமெல்லாம் மூலையில்தான் விழுகிறது. மூலை சாய்ந்தால் முழு வரிசையும் தொய்யும்.

ஆனால் 1,30,275 ரூபாய் செலவழித்த பிறகும் நாய் வலைக்கு அடியில் பறித்து உள்ளே வரலாம். 835 அடி நீளத்துக்கும் அடிப்பக்கத்தைக் காப்பது நடக்கிற காரியமில்லை. ஆடுகள் ஒரே இடத்தில் அடைந்து, காவலும் இல்லாமல் கிடப்பது இரவில்தான். பலமான வேலி அந்த இடத்துக்குத்தான் முதலில் வேண்டும்.

முப்பது செம்மறிக்கு, தலைக்கு 36 சதுர அடி வைத்து, 36 அடிக்கு 30 அடியில் ஒரு பட்டி. சுற்றளவு 132 அடி மட்டுமே. எட்டடிக் கல், முட்டுக்கல்லோடு 27. ஒன்று 500 வீதம் 13,500. ஆறடி அகல வலையை 2 அங்குலக் கண்ணில் வாங்கி, ஐந்தடியை நிமிர்த்திக் கட்டி, மீதி ஓரடியை வெளிப்பக்கம் தரையோடு மடக்கி மண்ணும் கல்லும் போட்டு மூட வேண்டும். பறிக்க வரும் நாய் வேலியின் காலடியில்தான் பறிக்கும். அங்கே அதன் நகத்தில் வலை இடறும். இதற்கு 132 கிலோ, 13,200 ரூபாய். மேலே இரண்டு வரி முள்கம்பி 900, கல் நட 4,050, வலை கட்ட 1,920, நாலடிக் கேட் 5,000, சில்லறை 1,000. மொத்தம் 39,570, ஆட்டுக்கு 1,319 ரூபாய். கேட்டின் அடியில் கை நுழையும் சந்துகூட விடாதீர்கள்.

ஏக்கரைச் சுற்றிக் கம்பிக்குப் பதில் கிளுவை. அரையடிக்கு ஒன்றாக 825 அடிக்கு 1,650 போத்து (நடும் கிளைத் துண்டு), பட்டுப்போவதற்கு ஈடாக 165. வெட்டுக்கூலி, வண்டி, நடவு எல்லாம் சேர்த்துப் போத்துக்குப் பத்து ரூபாய் வைத்தால் 18,150. கேட்டுக்கு 15,000. பட்டியோடு சேர்த்து 72,720 ரூபாய். முழுக்கக் கம்பி வேலியைவிட 57,555 குறைவு. கிளுவைத் தழையை ஆடும் தின்னும்.

இதில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. கிளுவை நெருங்கி அடைக்க மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அதுவரை பகலில் மேய்க்க ஆள் வேண்டும், இளம் போத்தை ஆடு கடிக்காமலும் பார்க்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் இந்தக் கணக்கு நிற்கும். கூலிக்கு ஆள் வைத்தால், மிச்சமான 57,555 ரூபாய் அந்தக் கூலிக்கே போய்விடும். அப்போது ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலியே மேல், இரவுப் பட்டி எப்படியும் வேண்டும்.

எந்தக் கணக்கிலும் சேராத வேலி ஒன்று உண்டு: வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது. அது குற்றம், ஆளைக் கொல்லும். அதைப் பேசவே வேண்டாம்.

கையில் நாற்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் ஏக்கரைப் பாதி அடைத்து நிறுத்தாதீர்கள். பட்டியை முழுதாக முடியுங்கள். போத்து ஊன்றுவதை மட்டும் தள்ளிப்போடாமல் வரும் மழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.