ஆஹார நியமமும் அதன் காரணமும்

புலால் உண்ணாமை ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்கள் பலவற்றில் பிறப்போடு வருவது. ஆயினும் இக்காலத்தில் அதனைக் கொள்வதும் விடுவதும் ஒவ்வொருவரும் தாமே செய்யும் தீர்மானமாகிவிட்டன. கொள்பவருள் சிலர் உடல்நலத்தைக் காரணமாகக் கூறுவர். சிலர் உயிர்களிடத்துக் கருணையைக் கூறுவர். சிலர் குலவழக்கம் என்பதோடு நிற்பர். விடுபவர்க்கும் காரணங்கள் உண்டு. மனம் தூயதாயிருந்தால் போதாதோ என்பது ஒன்று. சாஸ்திரமே யாகத்தில் பசுவை விதித்ததே என்பது ஒன்று. குஹன் பெருமாளுக்கு மீன் கொணரவில்லையோ என்பது மற்றொன்று. இவற்றுள் பூர்வாசார்யர்கள் திருவுள்ளத்துக்கு இசைந்த காரணம் எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காரணம் தெளியாத நியமம் அடுத்த தலைமுறையில் நில்லாது. ஆதலின் இது வெறும் ஏட்டு விசாரம் அன்று.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஏழாம் பிரபாடகத்தில் ஸநத்குமாரர் நாரதருக்கு உபதேசித்த பூமவித்யையின் முடிவில் ஒரு படிவரிசை கூறப்படுகிறது. ஆஹார சுத்தியால் அந்தக்கரண சுத்தி; அதனால் நிலையான ஸ்ம்ருதி; அதனால் பந்தநிவ்ருத்தி. இங்கே ஆஹாரம் என்னும் சொல்லுக்கு ஆதிசங்கரர், புலன்கள் வாயிலாக உள்ளே கொள்ளப்படும் விஷயங்களின் அறிவு என்று பொருளுரைத்தார். அவ்வுரைப்படி சுத்தியாவது அவ்வறிவில் ராகத்வேஷங்கள் கலவாதிருத்தல். ஸ்ரீபாஷ்யகாரரோ லகுஸித்தாந்தத்தில் வாக்யகாரரை அடியொற்றி, இவ்வாக்கியத்தை உண்ணும் உணவைப் பற்றியதாகவே கொண்டருளினார். மனத்தூய்மை மட்டும் போதும் என்பார்க்கு இவ்விடத்திலேயே விடை கிடைக்கிறது. இதே உபநிஷத்தின் ஆறாம் பிரபாடகத்தில், உண்ட அன்னத்தின் மிக நுண்ணிய பகுதி மனமாகிறது என்று உத்தாலகர் தம் மகனுக்கு உபதேசிக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதிருந்த ச்வேதகேது, தான் ஓதிய வேதத்தையே நினைக்கமாட்டாதவனானான். உண்டபின் மீண்டும் நினைவு வந்தது. அன்னத்தால் ஆகும் மனத்துக்கு அன்னத்தின் குற்றம் ஒட்டாது என்பது பொருந்துமோ?

வாக்யகாரர் பக்திக்கு அங்கமாக ஏழு ஸாதனங்களை எண்ணினார். விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. இவற்றுள் உணவைப் பற்றியது முதலாவதான விவேகம். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூவகைத் தோஷங்களும் அற்ற அன்னத்தால் உடல் தூய்மை பெறுதலே விவேகம். பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதிதோஷம். கொடுப்பவரைப் பற்றி வருவது ஆச்ரயதோஷம். எச்சில்படுதல், மயிர் முதலியன விழுதல் போன்ற பிற காரணத்தால் நேர்வது நிமித்ததோஷம்.

இப்பகுப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். புலால், காய்கறி என்னும் இரண்டாகச் சாஸ்திரம் உணவைப் பிரிக்கவில்லை. வெங்காயமும் பூண்டும் நிலத்தில் விளைந்தவையாயினும் விலக்கப்பட்டன. பால் உயிரினின்று வருவதாயினும் கொள்ளப்பட்டது. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் ஸாத்விக, ராஜஸ, தாமஸ ஆஹாரங்களைப் பிரிக்குமிடத்தும் கண்ணன் புலாலைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. சுவை, விளைவு, பழமை, எச்சில், தூய்மையின்மை இவற்றைக் கொண்டே பிரித்தான். ஸ்வாமி தேசிகன் 21 பாசுரங்களால் ஆஹாரநியமம் என்றே ஒரு பிரபந்தம் அருளிச்செய்ததற்கும் இதுவே காரணம். புலாலை நீக்கினால் நியமம் முற்றுப்பெறும் எனில் அத்தனை பாசுரங்கள் வேண்டா. ஆகவே புலாலை மட்டும் விட்டு மற்றெல்லாம் உண்பவர் நியமத்தின் ஒரு பகுதியையே கைக்கொண்டவர் ஆவர்.

இனி, கருணையைக் காரணமாகக் கூறுவார் பக்ஷத்தைக் காண்போம். வாக்யகாரர் அஹிம்ஸையையும் எண்ணினார். ஆனால் விவேகத்தில் எண்ணவில்லை. ஸத்யம், ஆர்ஜவம், தயை, தானம் இவற்றோடு சேர்த்து ஐந்தாவதான கல்யாணத்தில் எண்ணினார். உணவின் தூய்மை ஒரு ஸாதனம். உயிர்க்குத் தீங்கு செய்யாமை வேறொரு ஸாதனம். புலால் உண்ணாமையில் இவ்விரண்டும் ஒருங்கே கூடுகின்றன. ஆயினும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கொல்லாமையை மட்டும் காரணமாகக் கொண்டவன், தானே இறந்த பிராணியின் மாம்ஸத்துக்கு விடை சொல்லமாட்டான். தூய்மையை மட்டும் காரணமாகக் கொண்டவன், தன் இலையில் புலால் இல்லை என்று மகிழ்ந்து, அடுத்த வீட்டானைச் சுடுசொல்லால் வருத்தவும் கூடும். வாக்யகாரர் இரண்டையும் தனித்தனியே வைத்ததன் பயன் இதுவென்று கொள்ளலாம்.

யாகபசுவைக் காட்டி மறுப்பார்க்கு ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயம் முதற்பாதத்தில் விடை உண்டு. யாகத்தில் பசுவை வதைப்பது அசுத்தமான கர்மம் ஆகாதோ என்ற கேள்விக்கு, அது பசுவை மேலுலகுக்குச் சேர்ப்பதாகச் சாஸ்திரம் கூறுதலால் ஹிம்ஸை ஆகாது. சிறிது துன்பம் தரினும் வைத்தியனை ரக்ஷகன் என்றே உலகோர் கூறுவர் என்று பாஷ்யகாரர் ஸமாதானம் அருளினார். அந்த ஸமாதானம் விதியுள்ள இடத்தில் மட்டுமே செல்லும். நாவின் விருப்பத்துக்காகக் கொல்லப்படும் உயிர்க்கு எந்த நன்மையையும் எந்தச் சாஸ்திரமும் கூறவில்லை; எனவே இவ்வாதம் விடுபவர்க்குத் துணையாகாது.

குஹன் விஷயத்தில், கம்பநாட்டாழ்வார் காட்டிய குஹன் தேனும் மீனும் கொணர்ந்தான். அன்பால் வந்தமையின் அவை தூயவையே என்று பெருமாள் அருளி, ஏற்றதையே உண்டதற்கு ஒப்பாக்கினார். வால்மீகி காட்டும் பெருமாள், குஹன் கொணர்ந்த உணவைத் தாம் கொள்ளாது குதிரைகளுக்குத் தீனி மட்டும் பெற்றுக்கொண்டார். இரண்டிடத்தும் அவர் தம் விரதத்தைக் கைவிடவில்லை, கொணர்ந்தவனையும் இகழவில்லை. நியமம் உடையவர் நியமம் இல்லாதாரோடு பழகும் முறைக்கு இதனினும் சிறந்த பிரமாணம் வேண்டுமோ?

உயிர் போகும் ஆபத்தில் என் செய்வது என்பதற்கு ஸர்வாந்நாநுமதி அதிகரணம் வழி காட்டுகிறது. குரு தேசத்தில் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது உஷஸ்தி சாக்ராயணர் யானைப்பாகன் உண்டு மிஞ்சிய கொள்ளை வாங்கி உண்டார். அவன் குடித்து மிஞ்சிய நீரையோ மறுத்தார். கொள் இல்லையேல் உயிர் நில்லாது; நீர் வேறிடத்தும் கிடைக்கும் என்பதே அவர் கூறிய காரணம். அனுமதி எவ்வளவோ அவ்வளவே கொள்ளத்தக்கது. நோயுற்றார்க்கும் பஞ்சத்தில் அகப்பட்டார்க்கும் உரிய விலக்கினை விருந்தில் அமர்ந்தவர் எடுத்தாளலாகாது.

இதுகாறும் கூறியது பக்தியோக நிஷ்டனை நோக்கி. ப்ரபந்நனுக்கோ எம்பெருமானே உபாயம். உணவு நியமம் மோக்ஷத்துக்கு உபாயம் ஆகாது. அப்படியாயின் அதனை விட்டால் என்ன? நியமம் இங்கே உபாயம் என்னும் நிலை நீங்கி, ஆஜ்ஞா கைங்கர்யமாக நிற்கிறது. சேஷி விதித்ததைச் சேஷன் செய்வது சேஷனுக்கு ஸ்வரூபம். மேலும், சரணாகதியில் கூறப்படும் ஆநுகூல்ய ஸங்கல்பத்துக்கு, எல்லா உயிர்க்கும் இசைந்து நடத்தல் என்று லக்ஷ்மீதந்த்ரம் பொருள் கூறுகிறது. அவன் எல்லா உயிரினுள்ளும் உறைபவன் ஆதலால். கருணையைக் காரணமாகக் கூறினார் சொன்னது இங்கே தன் உண்மையான இடத்தைப் பெறுகிறது.

நியமம் உடையார்க்கு வரும் பெரிய ஆபத்து அகங்காரம். திருக்கச்சி நம்பிகளின் போனகசேஷத்தை விரும்பி எம்பெருமானார் அவரை அமுதுசெய்ய அழைத்தார். தேவிமார் நம்பிகள் உண்டபின் மிஞ்சியதை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து, நீராடி வேறு தளிகை செய்தது கேட்டு எம்பெருமானார் வருந்தினார் என்று குருபரம்பரை கூறும். பாகவத சேஷம் தூய்மை செய்யும் என்பதைத் தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருமாலையில் அருளினார். ஆச்ரயதோஷத்தைப் பிறப்பினால் மட்டும் அளப்பார் இவ்விரண்டிடத்தையும் சிந்திக்கக் கடவர்.

ஆண்டாள் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் ஆய்ப்பெண்கள் நெய்யையும் பாலையும் விடுகின்றனர். அவை தோஷமுடையவை அல்ல. சாஸ்திரம் விலக்கியவையும் அல்ல. இருபத்தேழாம் பாசுரத்தில் அதே பாலும் நெய்யும் வழியும் அமுதைக் கண்ணனோடு கூடியிருந்து உண்ண வேண்டுகின்றனர். விட்டதும் அவனுக்காக, கொண்டதும் அவனோடு. உடல்நலம் வைத்திய நூல் மாறினால் மாறும். குலவழக்கம் ஊர் மாறினால் தளரும். அவன் உகப்பு என்னும் காரணம் மாறாது. நம் இல்லங்களில் பிள்ளைகள் ஏன் என்று கேட்கும்போது, நம் வழக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், தளிகை முதலில் யாருக்கு ஸமர்ப்பிக்கப்படுகிறது என்பதைக் காட்டிச் சொல்வோமாக. அவனுக்குக் கண்டருளப்பண்ணத் தகாதது நமக்கும் வேண்டா என்பதைச் சிறுகுழந்தையும் அறியும்.