மழைநீர்க் குழாய்க்கு எந்த மூலை?

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது 2003-இல். ஆனால், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் எந்த மூலையில் வர வேண்டும் என்பதைப் பெரும்பாலான வீடுகளில் இன்றும் கடைசி நாளில் கொத்தனாரே முடிவு செய்கிறார். வாசல் நிறத்துக்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், ஏறத்தாழ 4,600 லிட்டர் கீழே இறங்கியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்கு இது அரிதான மழையன்று.

இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வருவதே முறை என்பது என் கருத்து. கிணறு பின்புறம் இருக்க, குழாய்களை முன்புறம் இறக்கிவிட்டால் பிறகு முற்றத்தைத் தோண்ட வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பி, குழாயைத் தெருவுக்கோ கழிவுநீர்த் தொட்டிக்கோ திருப்பிவிடுகிறார்கள். மழை நாளில் ஆள்நுழைவுக் குழிகள் பொங்கிச் சாக்கடை வீட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வாட்டம். நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் 40 அடி நீளத் தளத்தின் ஒரே முனையில் குழாய் வைத்தால், எதிர்முனையில் தளவரிசை ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயர வேண்டும். அவ்வளவும் கூரையின் மேல் ஏற்றப்படும் சுமை. இரு முனைகளிலும் வைத்தால் இது பாதியாகும். ஒரு குழாயை அரசிலையோ பந்தோ அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று காப்பாற்றும். இரண்டும் அடைபட்டால்? கைப்பிடிச்சுவரில், தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு துளை விடுவது நல்லது. அரை அடி உயரத்துக்கு நீர் தேங்கினால் ஆயிரம் சதுர அடித் தளம் 14 டன் எடையைச் சுமக்கும்.

துளைகளின் இடத்தைக் கான்கிரீட் போடும் முன்பே குறித்துவிட வேண்டும். பின்னர் உடைத்தால், உத்தரத்தின் கம்பி அறுபடும் அபாயம் உண்டு. அழகுக்காகச் சுவருக்குள் குழாயைப் புதைப்பதை நான் ஏற்பதில்லை. கசிவு, சுவரில் ஓதம் பரவிய பிறகே தெரியவரும். மின்அளவிப் பெட்டி இருக்கும் சுவரையும் தவிர்த்தல் நலம்.

குழாயின் வாய் அடித்தளத்தின் அருகிலேயே கொட்டக் கூடாது. களிமண் நிலத்தில் சுவரில் விரிசல் விழுவதற்கு அது போதும். பக்கத்து மனையை நோக்கியும் திருப்பக் கூடாது. ஓரடிச் சந்தில் ஒழுகும் நீருக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தையற்றுப் போன இரு குடும்பங்களை எங்கள் தெருவிலேயே அறிவேன். குழாயை எதிர்ச்சுவருக்கு மாற்ற ஆகும் செலவு, அவர்கள் இதுவரை வழக்கறிஞருக்குக் கொடுத்ததில் கால்பங்குகூட இராது.