பிரஷ் துடைத்த டிஷ்யூவைக் குப்பைக் கூடையில் போடலாமா? ஆயில் பெயின்ட்டிங் பழகுபவர்கள் கவனிக்க வேண்டியவை!

ஆயில் பெயின்ட்டிங் கற்றுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததுமே கடையில் வாங்க வேண்டிய பட்டியல் தயாராகிவிடும். ட்யூப் பெயின்ட், கேன்வாஸ், பிரஷ் செட், லின்சீட் ஆயில், டர்பன்டைன், பேலட்... இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, பிரஷ்ஷைத் துடைக்க ஒரு பொருள்.

'அதற்கென்ன, வீட்டில் பழைய துணி இருக்கிறதே' என்று தோன்றும். துணியும் சரிதான், பேப்பரும் சரிதான். ஆனால், எதில் துடைக்கிறோம், துடைத்த பிறகு அதை எங்கே போடுகிறோம் என்ற இரண்டையும் கவனிக்க வேண்டும். முதலாவதைக் கோட்டை விட்டால் படம் கெடும். இரண்டாவதைக் கோட்டை விட்டால் வீட்டுக்கே ஆபத்து வரலாம்.

தண்ணீருக்கு அடங்காத பெயின்ட்

வாட்டர் கலர், போஸ்டர் கலர், அக்ரிலிக் எல்லாம் ஈரமாக இருக்கும்போது தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஆயில் பெயின்ட் அப்படியல்ல. அதில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய். பெரும்பாலும் ஆளி விதையிலிருந்து எடுக்கும் லின்சீட் ஆயில். அதைத் தண்ணீர் கரைக்காது.

அதனால் பலர் ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் பிரஷ்ஷை நேராக டர்பன்டைனில் முக்கி அலசுகிறார்கள். பத்து நிமிடத்தில் டர்பன்டைன் சேறாகிவிடும். அந்தச் சேற்றில் நனைந்த பிரஷ்ஷால் மஞ்சளைத் தொட்டால், கேன்வாஸில் விழுவது அழுக்கு மஞ்சள். 'என் படத்தில் மட்டும் கலர் ஏன் மங்கலாக இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் பதில்.

முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் டர்பன்டைன். துடைப்பதிலேயே பெரும்பகுதி பெயின்ட் போய்விடும் என்பதால் டர்பன்டைன் செலவு குறையும், அறையில் அதன் நெடியும் குறையும்.

எதில் துடைக்கலாம்?

*முகம் துடைக்கும் டிஷ்யூ:* மென்மையாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டதும் கிழிந்துவிடும். அதன் துணுக்குகள் பிரஷ் முடியில் ஒட்டிக்கொண்டு கேன்வாஸுக்குப் போகும். சில வகைகளில் லோஷனும் தடவியிருப்பார்கள். ஓவியத்துக்கு வேண்டாம்.

*டாய்லெட் பேப்பர்:* நனைந்தால் கரைந்து பிரிய வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படுவது. இதுவும் வேண்டாம்.

*கிச்சன் ரோல்:* பேப்பரில் இதுதான் முதல் சாய்ஸ். ஈரத்திலும் கிழியாமல் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. பாக்கெட்டில் இரண்டு பிளை அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்கலாம். ஒற்றை அடுக்கு என்றால் பெயின்ட் ஊடுருவி விரலுக்கு வந்துவிடும்.

*செய்தித்தாள்:* அதிகம் உறிஞ்சாது. பேலட்டில் மிச்சமிருக்கும் பெயின்ட்டை வழித்துப் போடவும், பிரஷ்ஷில் திரளாக இருப்பதை முதலில் எடுக்கவும் உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

*பழைய காட்டன் வேட்டி, புடவை:* பல முறை துவைத்து நைந்த துணியாக இருந்தால் பேப்பரைவிட நன்றாக உறிஞ்சும். ஓரங்களில் நூல் பிரிந்தால் அதை மட்டும் வெட்டிவிடுங்கள். பாலியெஸ்டர் கலந்தது என்றால் பெயின்ட்டை உறிஞ்சாமல் இழுவும்.

*பனியன் வேஸ்ட்:* மெக்கானிக் ஷாப்பில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். ஹார்டுவேர் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். காட்டன் துண்டுகளாகப் பார்த்து வாங்கினால் நிறைய வரைபவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

வாங்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட்

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு ரோல் மட்டும் வாங்கிப் பாருங்கள். ஒரு தாளை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். கிழியாமல் விரிந்தால் பாஸ். அதே ஈரத்தாளால் ஒரு கறுப்புத் துணியை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் துகள்கள் நிறைய ஒட்டினால் அந்த பிராண்டு சமையலறையிலேயே இருக்கட்டும்.

துடைப்பதற்கும் முறை உண்டு

தாளை நான்காக மடித்து, வரையாத கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் முடியை மடிப்புக்குள் வைத்து, உலோகக் கழுத்துப் பகுதியிலிருந்து நுனியை நோக்கி லேசாக அழுத்தி இழுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் பெயின்ட் கழுத்துக்குள் ஏறும். அங்கே காய்ந்துவிட்டால் முடி விரிந்து, பிரஷ் துடைப்பம் மாதிரி ஆகிவிடும்.

ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்புக்குத் திருப்புங்கள். அழுக்கான இடத்திலேயே மீண்டும் துடைப்பது பெயின்ட்டைத் திரும்பப் பூசுவதற்குச் சமம். வெளிர் நிறங்களுக்கு ஒரு பிரஷ், அடர் நிறங்களுக்கு ஒரு பிரஷ் எனப் பிரித்துக்கொண்டால் துடைக்கும் வேலையும் தாள் செலவும் குறையும்.

வேலை முடிந்ததும் துடைத்து, டர்பன்டைனில் அலசி, மறுபடி துடைத்து, கடைசியாகச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, நுனியைச் சீராக்கிக் காயவையுங்கள். அழுக்கு டர்பன்டைனை சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடிய பாட்டிலில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

ஒரு முக்கியமான விஷயம்... சில வெள்ளை நிறங்களில் ஈயமும், சில மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்மியமும் இருக்கும். துடைத்த தாளால் முகத்தையோ வாயையோ துடைக்கக் கூடாது. வரைந்த கையோடு பஜ்ஜியை எடுப்பதும் கூடாது.

தீக்குச்சி இல்லாமலே தீ

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். தண்ணீர் ஆவியாகிப் போவதால் துணி காய்கிறது. லின்சீட் ஆயில் காய்வது அப்படியல்ல. அது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளியாகிறது. கேன்வாஸில் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

எண்ணெய் ஊறிய துணியையோ தாளையோ கசக்கிக் குவித்து வைத்தால் கதை வேறு. உள்ளே இருக்கும் மடிப்புகளுக்குக் காற்று கிடைக்கும், ஆனால் வெப்பம் வெளியேற வழியிருக்காது. சூடு கூடக்கூட எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்ஸிஜனை இழுக்கும். சூடு மேலும் ஏறும். சில மணி நேரத்தில், யாரும் நெருப்பு வைக்காமலேயே அந்தக் குவியல் புகைந்து பற்றிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு முறையும் இப்படி நடப்பதில்லை. ஆனால், நடக்கும் நேரம் பெரும்பாலும் நாம் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை. 22-வது மாடியில் மரப்பலகைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் போன பிறகு, அங்கே விட்டுச்சென்ற லின்சீட் ஆயில் ஊறிய துணிகள் தானாகப் பற்றிக்கொண்டன. தீ 18 மணி நேரத்துக்கும் மேல் எரிந்து எட்டு மாடிகளைத் தின்றது. 30-வது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தான் அதற்கு மேல் போகாமல் தடுத்தன. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கட்டடம் மறுபடி பயன்பாட்டுக்கு வரவேயில்லை. 1999-ல் இடித்து முடிக்கப்பட்டது.

அங்கே வேலைக்குப் பயன்பட்டதும், நாம் சின்ன பாட்டிலில் வாங்குவதும் ஒரே குடும்பத்து எண்ணெய்தான். தனியாக லின்சீட் ஆயில் கலக்காவிட்டாலும் ட்யூப் பெயின்ட்டுக்குள்ளேயே அது இருக்கிறது. வீட்டில் கதவு, ஜன்னலுக்கு லின்சீட் ஆயில் சேர்ந்த பாலிஷ் போட்டாலும் இதே கவனம் தேவை.

அப்படியென்றால் எங்கே போடுவது?

* மூடியுள்ள ஒரு தகர டப்பாவைப் பக்கத்தில் வையுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் பாத்திரம் துலக்கும் லிக்விட் சேருங்கள். துடைத்த தாள்களையும் துணிகளையும் அதில் முழுக நனைத்து மூடிவிடுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இதுவே சுலபம்.

* திறந்தவெளி இருந்தால், ஒன்றின் மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காக விரித்து, விறைப்பாகும்வரை காயவிடலாம். பறக்காமல் கல் வையுங்கள்.

* பிளாஸ்டிக் கவரில் கட்டிப்போடுவது, குப்பைக் கூடையில் அமுக்குவது, கேஸ் அடுப்பு அல்லது பூஜை விளக்குப் பக்கம் வைப்பது, மொட்டை மாடி வெயிலில் குவித்து வைப்பது... இவை நான்கும் கூடாது.

* எண்ணெய் ஊறிய துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

* பெயின்ட் டப்பாக்களை 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவுகளில் சேர்த்திருந்தன. காலி ட்யூப்களோடு இந்தத் தாள்களையும் ஈரத்தோடு தனியாகக் கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போகும்போது அவர்களுக்கும் பாதுகாப்பு.

பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டாலே போதும், தனிச் செலவில்லை. வீட்டில் பிள்ளைகள் வரையப் பழகுகிறார்கள் என்றால், பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் அன்றே இந்த டப்பாவையும் காட்டிவிடுங்கள். படம் காய நாளாகும். துடைத்த தாளை அன்றைக்கே தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.