மாடிக் கதவுக்கு ஏன் பூட்டு?

கத்திரியில் சென்னைக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் பகலைப் பற்றித்தான் புலம்புவார்கள். எனக்கு அந்தப் புகார் இல்லை. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மே மாத வெயில் புதிதா என்ன? 2003 மே 31 அன்று 45 டிகிரி கொளுத்திய நகரம் இது. மதியம் ஒரு மணிவாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் தப்பித்தோம். மேற்கேயிருந்து வீசும் வறண்ட காற்று அதைக் கரையிலேயே நிறுத்திவிட்டால் அன்றைக்கு நாற்பதைத் தாண்டும். "காத்து திரும்பிடுச்சா?" என்று திண்ணைக்குத் திண்ணை விசாரித்த ஊர்.

நுங்கு வண்டி இருக்கிறது, நன்னாரி சர்பத் இருக்கிறது, மெரினாவில் மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய்த் துண்டும் இருக்கிறது. மெட்ரோ ரயிலில் ஏறினால் வேர்க்காமல் பாதி ஊரைச் சுற்றலாம். இதெல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் இரவு? என்னை உலுக்கியது அதுதான்.

பத்து மணிக்கு மேல் எங்கள் பழைய தெருவில் நடந்தேன். வெயில் இறங்கி நான்கு மணி நேரம் ஆகியும் சுவர்களில் கை வைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நான்கு மாடி, ஐந்து மாடிக் குடியிருப்புகள். ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ஏசியின் வெளிப்பெட்டி தெருவைப் பார்த்து அனலை ஊதிக்கொண்டிருந்தது. ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடினால், அறைக்குள்ளிருந்து சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை உறிஞ்சுகிறது. தான் தின்னும் மின்சாரத்தையும் சேர்த்து ஆறு, ஏழு கிலோவாட் அளவுக்கு வெளியே கொட்டுகிறது. ஒரு சந்தில் ஐம்பது பெட்டிகள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சந்தில்தான் இஸ்திரி வண்டிக்காரர் பாய் விரித்திருந்தார். "கீழ தரை சுடுது, மேலேருந்து இது அடிக்குது. எங்கண்ணே தூங்கறது?" என்றார்.

ஏசி ஆடம்பரம் இல்லை, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது உயிர்காக்கும் பொருள் என்பார்கள். உண்மைதான். அதற்காகத் தெருவில் படுப்பவர் தலையில் அந்த வெப்பத்தை இறக்கலாமா?

முன்பு இந்த ஊருக்குத் தூங்கத் தெரிந்திருந்தது. பழைய வீடுகளின் கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து முடிப்பார்கள். கனமான அந்தக் கூரை பகல் வெயிலை அத்தனை சீக்கிரம் வீட்டுக்குள் விடாது. சாயங்காலம் நாலு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டால், எட்டு மணிக்கு மேல் குடும்பமே மாடியில் இருக்கும். காலையில் வடகம் காய்ந்த இடத்தில் ராத்திரி பாய் விரியும். அடுத்த வீட்டு மாடியோடு பேச்சு ஓடும். காற்றுக்கு யாரும் பில் கட்டவில்லை.

இப்போது நான் தங்கிய குடியிருப்பில் மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி சங்கத்துச் செயலாளரிடம். மேலே கைப்பேசிக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டிகளும். மேல்தளத்தில் இருக்கும் அம்மா, "ஏசி போட்டா கரண்ட் பில்லு, போடலன்னா தூக்கம் இல்ல தம்பி" என்றார். கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை விடியும்வரை அவர் படுக்கைமேல் இறக்கிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரும் நிழலும் போனதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மேல்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்போது நிழல் இழந்த தெருக்கள் பல இன்னும் மொட்டையாகவே நிற்கின்றன.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்த இரவு எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2024-இல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்ல முடிவு. ஆனால் வெப்ப அலை என்பதைத் தீர்மானிப்பது பகலின் உச்ச வெப்பநிலை. 'வெப்ப இரவு' என்று ஒரு வரையறை உண்டு. அதற்கும் பகலில் 40 டிகிரி தொட்டிருக்க வேண்டும். கடற்காற்று வந்து பகல் 38-இல் நின்றுவிட்டால், ராத்திரி முழுக்க ஈரப் புழுக்கத்தில் ஒருவர் கண் மூடாமல் கிடந்தாலும் அது வெப்ப இரவு ஆகாது. தூங்காத உடம்பு மறுநாள் காலை மூட்டை தூக்கப் போகிறது, சாரம் ஏறப் போகிறது. கடற்கரை நகரங்களுக்கு இரவுக்கென்று தனி அளவுகோல் வேண்டும். தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் இரவில் படுக்கக் காற்றோட்டமான இடங்களையும் திறந்துவிட வேண்டும்.

அதுவரை சென்னைவாசிகளிடம் ஒரு வேண்டுகோள். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். ஏசியின் வெளிப்பெட்டியைத் தெருவில் படுப்பவர் முகத்துக்கு நேராக மாட்டாதீர்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில், இந்தக் கத்திரி முடியும்வரையாவது மாடிக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.