சனியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?



"வெள்ளி முளைச்சிருச்சு, எந்திரி!" பால் வெட்டிய காலத்தில் நம் லயங்களில் தாய்மார்கள் பலர் இப்படித்தான் பிள்ளைகளை எழுப்பினார்கள். கிழக்கே விடிவெள்ளி தெரிந்தால் அடுப்பு மூட்ட வேண்டும், சோறு கட்ட வேண்டும், வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு ஓட வேண்டும். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அந்த வெள்ளியே கடிகாரம்.

என் பாட்டியும் பால் வெட்டியவர். நான் தோட்டப் பள்ளியில் படித்த சமயம் ஒரு நாள் சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே பளிச்சென்று ஒன்று எரிந்தது. "பாட்டி, நீ விடியக்காலையிலே பாக்குற விடிவெள்ளி இதுதான். வாத்தியார் சொன்னாரு" என்றேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "போடா! அது கிழக்கே வர்றது. இது மேற்கே நிக்குது. அது வேற, இது வேற."

வாத்தியார் சொன்னதே சரி. ஆனாலும் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எழுந்தவருக்கு அது என்ன என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. "உனக்கு ஏழரைச் சனி பிடிச்சிருக்கு" என்று சொல்லிக் காசு வாங்க மட்டும் ஆள் வந்தது. சனிப்பெயர்ச்சி என்றால் பாட்டியின் இரண்டு நாள் சம்பளம் பரிகாரத்துக்குப் போய்விடும். வாழ்நாள் எல்லாம் பயந்த அந்தச் சனியை அவர் ஒரு நாள்கூட வானத்தில் பார்த்ததில்லை. அது எங்கள் லயத்துக் கூரைக்கு மேலேதான் இருந்தது.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோயிலில் ஒன்பது முறை சுற்றுகிறோமே, அந்தக் கிரகங்களை வீட்டு வாசலில் நின்று ஒரு முறை கண்ணால் பாருங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

காலண்டரில் இருப்பவர்கள்

வாரத்தின் ஏழு நாளும் வானத்தில் இருப்பவைதாம். ஞாயிறு சூரியன், திங்கள் சந்திரன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தும் கோள்கள். இந்த ஐந்தையும் பார்க்கக் கண்ணாடியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நம் கண் போதும். நவக்கிரகத்தில் மீதி இருக்கும் ராகுவையும் கேதுவையும் மட்டும் பார்க்க முடியாது. அவை கோள்கள் அல்ல. சூரியன் போகும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டிச் செல்லும் இரண்டு இடங்களுக்குத்தான் அந்தப் பெயர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தீபகற்பத்தில் பெரும்பாலும் ஏழு, ஏழரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். மழை பெய்து விட்ட மாலையாக இருந்தால் இன்னும் நல்லது; வானம் கழுவி விட்டது போல் இருக்கும். செம்பனை மட்டைகள் மறைக்காத இடம் வேண்டும். பந்துத் திடலோ கோயில் முற்றமோ போதும். இருட்டில் செம்பனைக்கு அடியில் போய் நிற்காதீர்கள், பாம்பு இருக்கும்.

முதல் பாடம் இது: மின்னினால் நட்சத்திரம், மின்னாமல் நின்று எரிந்தால் கோள். நட்சத்திரம் மிகத் தொலைவில் ஒரு புள்ளியாக இருக்கிறது. அதன் வெளிச்சம் காற்றில் அலைக்கழிந்து துடிக்கிறது. கோள் நமக்குக் கிட்டத்தில் இருப்பதால் அதன் ஒளி அவ்வளவு ஆடுவதில்லை. நகர்ந்துகொண்டே போனால் அது ஆகாய விமானம்!

இரண்டாவது பாடம்: கோள்கள் வானத்தில் கண்டபடி திரிவதில்லை. சூரியனும் சந்திரனும் போகிற அதே சாலையை ஒட்டித்தான் போகும். நம் நாடு பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தச் சாலை நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே செல்கிறது. கோள் பார்க்க நாம் கொடுத்து வைத்தவர்கள்.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம். சூரியனையும் சந்திரனையும் விட்டால் வானத்தில் மிகவும் பிரகாசம் வெள்ளிதான். அதைப் போர்த்தியிருக்கும் வெண்மேகம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கிறது. வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுவதால், எப்போதும் சூரியனை ஒட்டியே தெரியும். எட்டொன்பது மாதம் சூரியனுக்கு முன்னால் எழுந்து விடிவெள்ளியாக இருக்கும். பிறகு கொஞ்ச நாள் காணாமல் போய், சூரியனுக்குப் பின்னால் மறையும் அந்தி வெள்ளியாகத் திரும்பி வரும். என் பாட்டி இரண்டு என்று நினைத்தது இந்த ஒன்றைத்தான். இன்னொரு அதிசயமும் உண்டு. இன்று மாலை வெள்ளி எங்கே நிற்கிறதோ, எட்டு வருஷம் கழித்து இதே தேதியை ஒட்டி ஏறக்குறைய அங்கேயே நிற்கும். இன்று தவழும் பிள்ளை அன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும்!

வெள்ளி ஒருபோதும் நடுநிசியில் தலைக்கு மேல் வராது. அந்த நேரத்தில் உச்சியில் வெண்மையாக, மின்னாமல், பளிச்சென்று நின்றால் அது வியாழன். நம் பூமியைப் போல் பதினொன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வியாழனின் அகலம் வரும். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். வியாழனின் இரு பக்கமும் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். 1610-ஆம் ஆண்டு இத்தாலியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவை. ஒன்று சொல்லி வைக்கிறேன்: அந்தக் கருவியைப் பிள்ளைகள் சூரியன் பக்கம் திருப்பிவிடக் கூடாது. கண் போய்விடும்.

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்பார்கள். கிழமையைச் சொல்வதானாலும் வானத்துப் புதனுக்கும் அது பொருந்தும். சூரியன் மறைந்த கையோடு மேற்கே தாழ்வாகச் சில நாள் தலைகாட்டி ஓடிவிடும்.

செவ்வாயும் கல்யாணமும்

செவ்வாய் சிவப்பாக இருக்கும். துருப்பிடித்த பால் வாளியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே நிறம், அதே காரணம். செவ்வாயின் மண் முழுக்க இரும்புத் துரு. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறை அது பூமிக்குக் கிட்ட வந்து நன்றாக ஒளிரும்.

"செவ்வாய் தோஷம்" என்று எத்தனை பெண்களின் கல்யாணம் நம்மிடையே தள்ளிப் போயிருக்கிறது! கணக்கைப் பாருங்கள். ஜாதகத்தில் வீடு பன்னிரண்டு. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். அப்படியானால் பிறக்கும் பன்னிரண்டு பிள்ளைகளில் சுமார் ஐந்து பிள்ளைகளுக்குத் தோஷம்! அதனால்தானோ என்னவோ, விதிவிலக்குகளையும் ஜோசியர்களே நிறைய வைத்திருக்கிறார்கள். 1976 ஜூலை 20-ஆம் தேதி அமெரிக்காவின் வைக்கிங் கலம் செவ்வாய் மண்ணில் இறங்கிப் படம் அனுப்பியது. 2014 செப்டம்பர் 24-இல் இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் திருநெல்வேலிச் சீமைத் தமிழர் சுப்பையா அருணன். செவ்வாய்க்கு வழி தெரிந்த இனம், ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் செவ்வாயைக் காட்டி முடக்கலாமா?

ஏழரையின் கணக்கு

சனி மெல்ல நடப்பவர். மங்கிய மஞ்சள் நிறம், ஆடாத ஒளி. சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற அவருக்கு இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்கும் அதைப் பங்கு போட்டால், ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். உங்கள் ராசிக்கு முந்தியது, உங்கள் ராசி, அடுத்தது ஆக மூன்று. மூவிரண்டரை ஏழரை. இதுதான் ஏழரைச் சனி. யார் மீதும் யாரும் ஏவி விட்டதல்ல. ஒரு கோளின் நடை வேகம், அவ்வளவே.

பன்னிரண்டில் மூன்று ராசி என்றால் மனிதர்களில் நாலில் ஒருவர். உலக மக்கள் தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. எப்போது பார்த்தாலும் 200 கோடிப் பேருக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். துரைக்கும் உண்டு, கிராணிக்கும் உண்டு, மண்டோருக்கும் உண்டு. நமக்கு மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று இந்தியாவில் பெரும் பீதி கிளம்பியது. யாகங்கள் நடந்தன. உலகம் அழியவில்லை. 2020 டிசம்பர் 21-ஆம் தேதி மாலை வியாழனும் சனியும் மேற்கு வானத்தில் ஒன்றையொன்று உரசுவது போல் நெருங்கி நின்றன. முழு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. இரண்டும் சுமார் இருபது வருஷத்துக்கு ஒரு முறை சந்திக்கும் என்றாலும், இரவில் பார்க்கக்கூடியபடி அவ்வளவு நெருங்கியது ஏறக்குறைய 800 வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். கணக்குத் தெரிந்தவர்கள் பயப்படவில்லை. எங்கே பார்க்கலாம் என்று இடம் தேடினார்கள்.

வாசலுக்கு வாருங்கள்

தோட்டம் விற்கப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களும் பார்க்கலாம். பட்டணத்து விளக்கு சின்ன நட்சத்திரங்களை மறைக்கும். வெள்ளியையும் வியாழனையும் மறைக்காது. லயம் போனாலும் வானம் நம்மை விட்டுப் போகவில்லை.

சாயங்காலத்தில் பத்து நிமிஷம் போதும். பிள்ளையை ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். பிரகாசமான கோள் ஒன்றைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களோடு சேர்த்துப் புள்ளி வைக்கட்டும். வாரம் ஒரு முறை வைத்தால் போதும். சில மாதத்தில் கோள் நடந்திருப்பது அந்த ஏட்டிலேயே தெரியும். அந்தப் பிள்ளையை நாளைக்கு யாரும் கிரகத்தின் பெயரைச் சொல்லி மிரட்ட முடியாது.

பாட்டிக்கு ஒரு நாள் சனியையும் காட்டினேன். அப்போது நான் வேலைக்குப் போய்விட்டேன். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கியிருந்தது. கையைப் பிடித்துத் திடலுக்குக் கூட்டிப் போய், விரலை நீட்டிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் எள் விளக்கு ஏற்றினார். அதை நிறுத்தவில்லை. ஆனால் பெயர்ச்சி வந்தபோது பரிகாரம் சொல்ல வந்தவரைத் திண்ணையோடு அனுப்பிவிட்டார். "விளக்கு எனக்கும் சாமிக்கும். உனக்கு எதுக்கு அம்பது வெள்ளி? சனியைத்தான் நானே பாத்துட்டேனே!"