ஆமை தீனி எடுக்கவில்லையா? முதலில் தொட்டியைப் பாருங்கள்

மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அசை போடவில்லை, காது தொங்குகிறது என்று பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டையிலும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையிலும் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆமை அப்படிக் காட்டிக்கொடுக்காது. வளர்ந்த ஆமை ஒரு வாரம், பத்து நாள் வாய் வைக்காமல் கிடந்தாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நாம் கவனிக்கும்போது நோய் முற்றியிருக்கும். கவனித்ததும் செய்கிற முதல் காரியம் தீனியை மாற்றுவது. கேரட் போட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் மீன், அப்புறம் சோறு. ஆனால் பெரும்பாலும் கோளாறு தீனியில் இல்லை. அந்த ஆமை இருக்கும் இடத்தில் இருக்கிறது.

எந்த ஆமை வைத்திருக்கிறீர்கள்?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி வளர்ந்த ஊரில்தான் இன்று வாஸ்துவுக்கு நல்லதென்று ஆமை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் பச்சைக் குஞ்சு அது. சிவப்புக் காது ஆமை என்பார்கள், பூர்வீகம் அமெரிக்கா. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பெண் ஆமை ஓர் அடி நீளம் வரை வளரும், இருபது முப்பது ஆண்டு வாழும். இதைக் கடைக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை.

கரம்பில் கிடைத்தது, ஏரி வற்றும்போது பிடித்தது என்றால் கதை வேறு. முதுகில் நட்சத்திரக் கோலம் உள்ள நட்சத்திர ஆமையும், நம் ஏரி குளங்களில் வாழும் பால் ஆமையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்; 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இவை தீனி எடுக்கவில்லை என்றால் வைத்தியம் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இன்னொன்று: குளம் காய்ந்தால் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை தின்னாமல் கிடக்கும். அதை நோய் என்று நினைத்துத் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது உதவி ஆகாது.

இனிச் சொல்வதெல்லாம் தொட்டியில் வளரும் சிவப்புக் காது ஆமைக்கு.

சூடு இருந்தால்தான் பசி

ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. தின்றது உள்ளேயே கிடந்து புளிக்கும். அதனால் அது வாயை மூடிக்கொள்கிறது. தொட்டித் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து வெயில் காயும் கல்லின் மேல் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. சித்திரையில் கல் வெடிக்கும் ஊரில் ஆமைக்குக் குளிருமா என்று கேட்கலாம். மார்கழி, தையில் இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. டைல்ஸ் தரையில் இருக்கும் தொட்டி அதைவிடச் சில்லென்று இருக்கும். ஏசி அறை, ஏசி போட்ட கடைக் கல்லாமேசை என்றால் ஆண்டு முழுக்க மார்கழிதான். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெயில் முகமே தெரியாதபோதும் பல ஆமைகள் தீனியை விடுகின்றன.

கோடையில் இதற்கு நேர்மாறு. மொட்டைமாடியில் நிழல் இல்லாமல் வைத்த பிளாஸ்டிக் டப் மதியத்துக்குள் கொதிநீராகிவிடும். அதில் ஆமை செத்தே போகும். மீன் தொட்டிக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே போட்டுவிடுங்கள். கைவிட்டுப் பார்த்துச் சூடு சொல்வது நம்பும்படியானதல்ல.

வெளிச்சமும் வேண்டும். வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி ஊறும், அப்போதுதான் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பளிச்சென்று இருந்தாலும் அதில் யுவிபி வடிகட்டப்பட்டுவிடுகிறது. காலை வெயிலில் நேரடியாக அரை மணி நேரம், பக்கத்திலேயே ஒதுங்க நிழலோடு, காக்கையும் நாயும் வராமல் பார்த்துக்கொண்டு வைத்தால் போதும். ஓட்டை விரலால் அழுத்தும்போது உள்ளே அமுங்கினால் இது பல மாதக் குறை என்று அர்த்தம்.

தண்ணீர் இல்லாமல் விழுங்காது

ஈரத் துணி விரித்த வாளியில் ஆமையை வைத்து உருண்டைத் தீனியை மூக்கருகே நீட்டுகிறவர்களைப் பார்க்கலாம். ஆமை வாயில் கவ்வும், இரண்டு தடவை மெல்லுவதுபோல் செய்யும், பிறகு கீழே நழுவ விட்டுவிடும். வீம்பு என்று நினைக்க வேண்டாம். நீர் ஆமை தண்ணீரை உறிஞ்சித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளும். வெளியில் அதற்கு விழுங்க வராது. அதே உருண்டையைத் தண்ணீரில் போட்டால் ஒரே இழுப்பில் போய்விடும். அதன் ஓட்டு நீளத்துக்காவது ஆழமாகத் தண்ணீர் இருக்கட்டும். அழுக்குத் தண்ணீரிலும் தீனி எடுக்காது.

கண், மூக்கு, அலகு

சூடும் தண்ணீரும் சரியாக இருந்தும் தின்னவில்லை என்றால் முகத்தைப் பாருங்கள். இமை வீங்கி, கண் திறக்க முடியாமல் இருக்கிறதா? வருடக் கணக்காகக் காய்ந்த இறால் மட்டுமே போட்டு வளர்த்த ஆமைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்து இது வரும். தண்ணீருக்குள் இரையைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும் பிராணி அது. கண் மூடினால் பசித்தாலும் பட்டினிதான். இதற்கு ஊசி உண்டு, ஆனால் அளவு கூடினால் தோல் உரியும். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

மூக்கில் குமிழி, வாயைப் பிளந்து மூச்சு, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்வது: இவை நுரையீரல் தொற்றின் அடையாளம். நாள் கடத்தக் கூடாது. வாய்க்குள் வெள்ளையாகப் படிவது, அலகு வளைந்து நீண்டுவிடுவது இரண்டுமே தின்பதைத் தடுக்கும். அலகு மழுங்கினாலும் அப்படித்தான். 1832 வாக்கில் பிறந்ததாகக் கணக்கிடப்படும் ஜோனதன் என்ற தரை ஆமை செயின்ட் ஹெலினா தீவில் இருக்கிறது. கண் பார்வையும் மோப்பமும் போய், அலகு மழுங்கி, புல்லைக் கடிக்க முடியாமல் மெலிந்தது. கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் வாரந்தோறும் காய்கனிகளைக் கையால் ஊட்ட ஏற்பாடு செய்தார். சத்து சேர்ந்ததும் அலகு திரும்பவும் கூரானது.

பெண் ஆமை பின்னங்காலால் எதையாவது தோண்டிக்கொண்டு, நிலைகொள்ளாமல் அலைந்து, தின்னாமல் இருந்தால் வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆண் இல்லாமலும் முட்டை வைக்கும். மண் கிடைக்காவிட்டால் அடக்கிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுத்தால் முட்டையும் தெரியும், தொட்டியில் அழகுக்குப் போட்ட கூழாங்கல்லை விழுங்கியிருந்தால் அதுவும் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது

நீர் வற்றிய உடம்புக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி. தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், தினம் இருபது முப்பது நிமிடம் உட்கார வையுங்கள். பல ஆமைகள் அதிலேயே குடிக்கும், மலமும் கழிக்கும். பிறகு சூடான தொட்டியில் விட்டு, மண்புழுவோ சின்ன மீன் துண்டோ அசைத்துக் காட்டலாம். குஞ்சுக்குப் புலால் பிடிக்கும். வளர வளர இலை தழை கூடுதலாகத் தின்னும். முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ நல்லது. பசலைக்கீரை வழக்கமாக வேண்டாம், சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பால், பிஸ்கட், பொரி இதெல்லாம் ஆமைக்கு உணவே இல்லை. வாயை நெம்பித் திறந்து ஊட்டினால் புரையேறும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆடு மாடு உள்ள வீட்டில் உண்ணிக்கும் பூச்சிக்கும் போட்ட ஐவர்மெக்டின் மருந்து மிச்சம் இருக்கும். அதில் ஒரு சொட்டுகூட ஆமைக்குப் போகக் கூடாது. கை கால் தளர்ந்து, மூச்சு நின்று செத்துவிடும். ஆட்டுக்குப் பூச்சி மருந்து, ஆமைக்கு விஷம்.

ஆமையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். நலமாகத் தெரியும் ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளுக்கு இதனால் நோய் வந்ததால்தான் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைக் குஞ்சு விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் இதை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

எப்போது மருத்துவரிடம்?

குஞ்சு என்றால் மூன்று நாள். வளர்ந்தது என்றால் சூட்டைச் சரிசெய்த பிறகும் ஒரு வாரம் தின்னாவிட்டால். கண், மூக்கு, மூச்சில் கோளாறு தெரிந்தால் அன்றே. வாரம் ஒரு முறை இதற்கென்றே ஒதுக்கிய சின்னத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி. உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். எக்ஸ்ரே, அறுவை தேவைப்பட்டால் பெரம்பலூர்க்காரர்களுக்குத் துறையூர் வழியாக நாமக்கல், அரியலூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு; இரண்டு இடத்திலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய வாளியில் கொண்டுபோக வேண்டாம். ஈரத் துணி விரித்த, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டி போதும். தொட்டியின் போட்டோவும் தீனி டப்பாவும் கூட வரட்டும்.

வளர்க்க முடியாது என்று கைவிட்டு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் கொண்டுபோய் விடுகிற யோசனை மட்டும் வேண்டாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்த நீர்நிலை அது. சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்று. இரையிலும் வெயில் காயும் இடத்திலும் நம் ஊர் ஆமைகளோடு போட்டிக்கு நிற்கும். தொட்டியும் சூடும் வெயிலும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய இன்னொரு வீட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.